பழைய ஷ்யூர்ஃபயர் டார்ச்சுக்குப் புது எல்இடி போடுவது எப்படி: முழு வழிகாட்டி

ஷ்யூர்ஃபயர் 6பி, சி2, ஜி2 இதில் ஏதாவது ஒன்று உங்கள் அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தால் அதைப் பழைய சாமான் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். எல்இடி வருவதற்கு முன்னால் அமெரிக்கப் போலீஸ்காரர்கள் இடுப்பில் இருந்த டார்ச் அது. அலுமினியக் கட்டையைக் கடைந்து செய்த உடம்பு, வழுக்காத பிடி, தண்ணீர் புகாத ஓ-ரிங், இருட்டில் தடவினாலே கட்டைவிரலுக்குச் சிக்கும் வால் பொத்தான் என்று எல்லாமே இன்றைக்கும் உருப்படியாக இருக்கும். வயசானது உள்ளே இருக்கிற பி60 செனான் பல்பு மட்டும்தான். இரண்டு சிஆர்123ஏ பேட்டரியைத் தின்றுவிட்டு ஒரு மணி நேரத்துக்கு 65 லூமன் கொடுக்கும், அதற்குச் செலவாகும் மின்சாரம் ஏறக்குறைய 6 வாட். அதே மின்சாரத்தை இன்றைய நல்ல எல்இடிக்குக் கொடுத்தால் ஐந்நூறு லூமனைத் தாண்டிவிடும்.

இந்த டார்ச்சுகளில் பல்பும் ரிஃப்ளெக்டரும் ஒரே துண்டாக, மொத்தமாகக் கழன்று வரும். அந்த வடிவத்துக்குத்தான் பி60 அல்லது டி26 என்று பெயர். முன்பக்கத்தைக் கழற்றி, பழையதை எடுத்துவிட்டு, அதே அளவில் செய்த எல்இடி துண்டைப் போட்டு மூடினால் வேலை முடிந்தது என்றுதான் பல பேர் நினைக்கிறார்கள். எரியவும் எரியும். ஐந்து நிமிடம் கழித்து மங்கும், ஆறு மாதம் கழித்து எல்இடி நீலம் பாய்ந்து செத்துப்போகும். காரணம் சூடு.

செனான் பல்பு தன் சூட்டில் பெரும்பகுதியை அகச்சிவப்புக் கதிராக வெளிச்சத்தோடு சேர்த்து முன்னால் கண்ணாடி வழியாக அனுப்பிவிடுகிறது. பி60 எரியும்போது கண்ணாடிக்கு முன்னால் கையை வைத்தால் சுரீரென்று தெரியும். எல்இடியின் வெளிச்சத்தில் அந்தச் சூடு கிடையாது. அதன் சூடு முழுக்க அந்தச் சின்னச் சில்லின் அடியில் உருவாகி, பின்பக்கமாக உலோகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும். 6பி உடம்பை வடிவமைத்தவர்களுக்கு அந்தத் தேவையே இருக்கவில்லை, அதனால் பி60 துண்டு உள்ளே லொடலொடவென்று காற்றிடைவெளியோடுதான் உட்கார்ந்திருக்கும். இந்த வழிகாட்டியில் நான் சொல்லப்போகிற பாதிக்கு மேல் அந்த இடைவெளியை எப்படி இல்லாமல் ஆக்குவது என்பதைப் பற்றித்தான். எல்இடி எந்த மாடல் என்பது அதற்கு அப்புறம்தான்.

முதலில் கையில் இருப்பது என்ன

உடம்பு அலுமினியமா, பிளாஸ்டிக்கா என்று பாருங்கள். 6பி, சி2 அலுமினியம். ஜி2 உடம்பு நைட்ரோலான் என்ற பாலிமர், சூட்டைக் கடத்தாது. ஜி2-வில் எவ்வளவு நல்ல எல்இடி போட்டாலும் 350 முதல் 700 மில்லிஆம்பியருக்கு மேல் போகாதீர்கள். அந்தக் குறைந்த மின்னோட்டத்திலேயே பழைய பல்பைவிட இரண்டு மூன்று மடங்கு வெளிச்சம் கிடைக்கும், அதோடு திருப்திப்பட்டுக்கொள்வதுதான் சரி.

அப்புறம் முன்பக்கத்தையும் வாலையும் கழற்றி, மரையில் இருக்கும் பழைய கிரீஸையும் கறுப்பு அழுக்கையும் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். பழைய பேட்டரி உள்ளேயே பல வருஷம் கிடந்திருந்தால் வால் ஸ்பிரிங்கில் படிவு இருக்கும், அதையும் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து எடுக்க வேண்டும். உடம்பின் பின்விளிம்பில் ஆனடைஸ் பூச்சு இல்லாத பளபளப்பான வளையம் ஒன்று தெரியும். மின்சாரம் உடம்புக்குள் போவது அந்த வளையம் வழியாகத்தான், அதனால் அது கண்ணாடி மாதிரி சுத்தமாக இருக்க வேண்டும். பூச்சு உள்ள இடங்களில் மின்சாரம் போகாது, அங்கே எவ்வளவு தேய்த்தாலும் பயனில்லை.

ஒரு வெர்னியர் எடுத்து பேட்டரிக் குழாயின் உள்விட்டத்தை அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முடிவு முழுக்க இந்த எண்ணை நம்பித்தான்.

பேட்டரியை முதலில் முடிவு செய்யுங்கள்

எல்லாரும் எல்இடியில் ஆரம்பிப்பார்கள், நீங்கள் பேட்டரியில் ஆரம்பியுங்கள். டிரைவர் என்பது எல்இடிக்குப் போகும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் சின்னச் சர்க்யூட் பலகை. அது எது என்பதைப் பேட்டரி வோல்ட்தான் தீர்மானிக்கிறது, டிரைவர் தெரியாமல் எல்இடி வாங்கி வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

6பி-யில் இருக்கும் இடம் இரண்டு சிஆர்123ஏ-வுக்கானது. ஒவ்வொன்றும் 17 மிமீ விட்டம், 34.5 மிமீ நீளம், ஆக மொத்தம் 69 மிமீ. இந்த இடத்தில் மூன்று வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, அதே இரண்டு சிஆர்123ஏ. ரீசார்ஜ் செய்ய முடியாது, விலையும் கூடுதல், ஆனால் பத்து வருஷம் சும்மா வைத்திருந்தாலும் எரியும். வருஷத்துக்கு ஒரு முறை மட்டும் தேவைப்படுகிற அவசர டார்ச் என்றால் இதுவே போதும். ஒன்று புதுசு, ஒன்று பழசு என்று மட்டும் ஒருபோதும் கலந்து போடாதீர்கள், பலம் குறைந்த பேட்டரி தலைகீழாக மின்னேற்றமாகி உள்ளே வெடித்துப் புகை விடும். அந்தப் புகை நச்சு.

இரண்டாவது வழி, ஒற்றை 16650 லித்தியம்-அயான். 16 மிமீ விட்டம் என்பதால் உடம்பில் கை வைக்காமலே உள்ளே போகும், 2500 மில்லிஆம்பியர்-மணி வரை கிடைக்கிறது. அந்தக் காலத்து ஆட்கள் 17670 என்ற அளவைப் பயன்படுத்தினார்கள், இப்போது அதற்கு அவசியம் இல்லை.

மூன்றாவது வழி, உடம்பை லேத்தில் கொடுத்து உள்விட்டத்தை 18.6 மிமீ அளவுக்குக் கடைந்து 18650 போடுவது. 3500 மில்லிஆம்பியர்-மணி கிடைக்கும், எங்கும் கிடைக்கிற பேட்டரி. ஆனால் இது திரும்பி வராத வேலை. இன்னொன்றும் இருக்கிறது. கடைந்தால் உள்ளே இருந்த ஆனடைஸ் பூச்சு போய்விடும். பேட்டரியின் வெளிக்கூடு எதிர்முனை, டார்ச் உடம்பும் எதிர்முனை. பேட்டரியின் மேலுறை ஒரு இடத்தில் கிழிந்து வெற்று அலுமினியத்தில் பட்டால் மின்சாரம் வால் சுவிட்சைச் சுற்றிக்கொண்டு போய்விடும், பொத்தானை அமுக்காமலே பைக்குள் டார்ச் எரிந்துகொண்டே இருக்கும். கடைந்த உடம்பு வைத்திருப்பவர்கள் பேட்டரி உறையை அடிக்கடி பார்க்க வேண்டியது இதனால்தான். என் கருத்தைக் கேட்டால், நல்ல நிலையில் இருக்கும் 6பி-யையோ சி2-வையோ கடையாதீர்கள். ஏற்கனவே கீறலும் நசுங்கலுமாக இருக்கும் உடம்பாக இருந்தால் தாராளமாகக் கடையலாம்.

ரீசார்ஜ் செய்கிற சின்ன 16340 இரண்டைப் போடலாமா என்று சிலர் கேட்பார்கள். முழு சார்ஜில் 8.4 வோல்ட் வரும். பழைய பி60 பல்பு அந்த நொடியே போய்விடும், சாதாரண எல்இடி டிரைவரும் தாங்காது. வேண்டாம்.

ஆன்லைனில் 9900 என்று அச்சடித்து விற்கிற 18650-ஐ வாங்காதீர்கள். அந்த அளவு உடம்பில் உண்மையாகவே கிடைப்பது 3500, மிஞ்சிப் போனால் 4000. பொய் எண் போட்ட பேட்டரியில் பாதுகாப்பு சர்க்யூட்டும் பொய்யாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

டிரைவர்

இந்த வழிகாட்டியில் நான் எடுத்துக்கொள்வது ஒற்றை 16650, ஒற்றை 3 வோல்ட் எல்இடி. இதற்கு மிக எளிமையான, பழுதே வராத டிரைவர் ஏஎம்சி7135 சில்லு வைத்த 17 மிமீ பலகை. ஒரு சில்லு 350 மில்லிஆம்பியர் விடும், நான்கு இருந்தால் 1.4 ஆம்பியர், எட்டு இருந்தால் 2.8 ஆம்பியர். கூட்டிக்கொண்டே போகலாம் என்று ஆசை வரும், கணக்கைப் பாருங்கள்.

இது லீனியர் டிரைவர். பேட்டரிக்கும் எல்இடிக்கும் இடையில் மிச்சமாகிற வோல்ட்டைச் சூடாக மாற்றித் தள்ளிவிடும். முழு பேட்டரி 4.2 வோல்ட், எல்இடிக்கு வேண்டியது 3 வோல்ட் என்றால் மிச்சம் 1.2. எட்டுச் சில்லில் 1.2 பெருக்கல் 2.8, ஏறக்குறைய 3.4 வாட் டிரைவரிலேயே சூடாகும். எல்இடி எடுக்கும் 8.4 வாட்டில் பாதிக்கு மேல் சூடு. எல்லாம் சேர்த்து ஒரு கட்டைவிரல் அளவு பித்தளைத் துண்டுக்குள். நான்கு சில்லில் டிரைவர் சூடு 1.7 வாட்டுக்கு இறங்கிவிடும், வெளிச்சமோ கண்ணுக்குப் பாதியாகத் தெரியாது, ஏனென்றால் நம் கண் வெளிச்சத்தை அப்படி நேர்விகிதத்தில் அளப்பதில்லை. 1.4 ஆம்பியரில் 350 முதல் 400 லூமன் வரும். 16650-இல் ஒன்றே முக்கால் மணி நேரம் ஓடும். 6பி உடம்புக்கு இதுதான் பொருத்தமான இடம் என்பது என் முடிவு. அதிகபட்சம் 2 ஆம்பியர், அதற்கு மேல் போனால் ஸ்பெக் ஷீட்டுக்காகப் போவதுதான்.

7135 சில்லுக்கு 6 வோல்ட்தான் எல்லை. புது சிஆர்123ஏ இரண்டு சேர்ந்தால் சும்மா இருக்கும்போதே 6.4 வரும். ஆகவே இரண்டு சிஆர்123ஏ போடப்போகிறவர்களுக்கு இந்தப் பலகை ஆகாது, அவர்களுக்கு வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கும் பக் வகை டிரைவர் வேண்டும். 2.7 முதல் 9 வோல்ட் வரை என்று போட்டு விற்பார்கள், அதைப் போட்டால் அவசரத்துக்கு இரண்டு வகைப் பேட்டரியும் ஓடும்.

மோட் விஷயம். ஐந்து மோட், வேகமாகச் சிமிட்டும் ஸ்ட்ரோப், எஸ்ஓஎஸ் எல்லாம் உள்ள பலகைதான் மலிவாகக் கிடைக்கும். 6பி-யின் வால் பொத்தான் அமுக்கும்போது மட்டும் எரிகிற வகை, தட்டித் தட்டிப் பயன்படுத்துவார்கள். ஒவ்வொரு தட்டலுக்கும் மோட் மாறும் பலகையை அதில் போட்டால் தேவையான நேரத்தில் ஸ்ட்ரோப் அடிக்கும். ஒற்றை மோட் பலகை வாங்குங்கள். குறைந்த வெளிச்சமும் கட்டாயம் தேவை என்றால் இரண்டு மோட், அதிலும் எப்போது போட்டாலும் முதலில் முழு வெளிச்சம் வருகிற வகையாக இருக்கட்டும். பேட்டரி 3 வோல்ட்டுக்கு வரும்போது எச்சரித்து அணைக்கும் வசதி பலகையில் இல்லாவிட்டால், பாதுகாப்பு சர்க்யூட் உள்ள பேட்டரிதான் போட வேண்டும்.

எல்இடி

இங்கே ரசனைக்கு இடம் உண்டு. நிச்சியா 519ஏ, 4500 கெல்வின் என்பது என் தேர்வு. கெல்வின் எண் வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்கிறது, எண் ஏற ஏற நீலம் கூடும். 519ஏ நிறங்களை உள்ளபடி காட்டும், அதை அளக்கும் சிஆர்ஐ எண் 90-க்கு மேல். இரவில் தரையில் கிடக்கும் ஒயர் சிவப்பா பழுப்பா, இலைக்குள் கிடப்பது பாம்பா கயிறா என்று ஒரே பார்வையில் தெரிவது வெறும் லூமனால் கிடைப்பதில்லை. மழையிலும் பனியிலும் 6500 கெல்வின் நீலவெள்ளை கண்ணில் திரும்பி அடிக்கும், 4000-4500 அவ்வளவு அடிக்காது.

தூரம்தான் முக்கியம், வயல் மூலை வரை அடிக்க வேண்டும் என்றால் கிரீ எக்ஸ்பி-எல் எச்ஐ எடுங்கள், மேலே குமிழ் இல்லாத எல்இடி, வெளிச்சம் கூர்மையாகக் குவியும். அதைவிடச் சின்னச் சில்லுள்ள ஆஸ்ரம் வகைகள் இன்னும் தூரம் போகும், ஆனால் பி60 ரிஃப்ளெக்டரே சிறியது என்பதால் அதில் பெரிய அதிசயம் நடந்துவிடாது. எக்ஸ்எச்பி வகைப் பெரிய எல்இடிகள் பெரும்பாலும் 6 வோல்ட், 12 வோல்ட் கேட்பவை, இந்த உடம்புக்கு அவ்வளவு சூடு ஒத்து வராது, தொடாதீர்கள்.

எல்இடியை விட அது உட்காரும் பலகையில் காசைச் செலவழியுங்கள். செம்புப் பலகை, எல்இடியின் நடு வெப்பத்தளம் நேரடியாகச் செம்பில் பற்றவைக்கப்படுகிற வகை. விலை குறைந்த அலுமினியப் பலகையில் அந்த இடத்துக்கு அடியில் ஒரு மெல்லிய இன்சுலேஷன் அடுக்கு இருக்கும், சூடு முதல் அடியிலேயே தடுக்கப்பட்டுவிடும். 519ஏ 3535 அளவு, அதாவது 3.5 மிமீ சதுரம், அதற்கான தடம் உள்ள 16 மிமீ பலகை பெரும்பாலான பி60 குப்பிகளுக்குப் பொருந்தும். குப்பி என்று நான் சொல்வது எல்இடியும் டிரைவரும் உட்காரும் பித்தளைத் துண்டை, வாங்கும்போது அதன் நடுவில் முழுத் தடிமனான தளம் இருக்கிறதா என்று படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். உள்ளே வெறும் ஓட்டையாக, பலகை விளிம்பில் மட்டும் தொற்றி நிற்கிற குப்பிகளும் விற்கிறார்கள்.

பலகை, குப்பி, டிரைவர் எல்லாம் வெளிநாட்டு ஆன்லைன் கடைகளில்தான் வாங்க வேண்டியிருக்கும். சால்டர், ஃப்ளக்ஸ், தெர்மல் பேஸ்ட், சூடு தாங்கும், மின்சாரம் கடத்தாத கேப்டான் டேப், சிலிகான் ஒயர் இவற்றுக்குச் சென்னை ரிச்சி தெரு மாதிரி ஒரு இடம் போதும்.

சால்டரிங் கைவராதவர்கள் கூச்சப்படாமல் ரெடிமேட் துண்டு வாங்கலாம். அமெரிக்காவில் அலபாமாவில் இருக்கும் மால்காஃப் செய்கிற எம்61 இந்த உடம்புகளுக்காகவே செய்தது, பித்தளையில் இறுக்கமாகப் பொருந்தும், உள்ளே டிரைவர் முழுக்க எபாக்சியில் மூழ்கியிருக்கும், அதிர்ச்சி தாங்கும். விலை அதிகம், அதற்குரிய மதிப்பு உண்டு. அதை வாங்குகிறவர்கள் நேராக வால் பகுதிக்குப் போய்விடலாம்.

குப்பியைக் கட்டுவது

முதலில் எல்இடியைப் பலகையில் உட்கார வையுங்கள். 63/37 ஈயப் பேஸ்ட் 183 டிகிரியில் உருகும், அதையே பயன்படுத்துங்கள். மூன்று தளத்திலும் மெல்லிய பூச்சு போதும், அதிகமானால் எல்இடி சாய்ந்து நிற்கும். பலகையின் நேர், எதிர் குறியையும் எல்இடியின் அடையாளத்தையும் ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்துவிட்டு மேலே வைத்து, பலகையை ஹாட் பிளேட்டிலோ கவிழ்த்து நிறுத்திய இஸ்திரிப் பெட்டியிலோ வையுங்கள். ஈயம் சாம்பல் நிறத்திலிருந்து சட்டென்று வெள்ளி மாதிரி மின்னும், அந்த நொடியில் எல்இடி தானாகவே ஒரு சின்ன அசைவோடு நடுவுக்கு வந்து நிற்கும். சாமணத்தால் பக்கவாட்டில் மெல்லத் தட்டிப் பாருங்கள், தள்ளினாலும் திரும்பி வந்தால் சரியாக மிதக்கிறது என்று அர்த்தம். எடுத்து ஆறவிடுங்கள். மேலே உள்ள சிலிகான் குமிழை விரலால் தொடாதீர்கள்.

மல்டிமீட்டரின் டயோடு சோதனையை வைத்தால் பெரும்பாலும் எல்இடி மங்கலாக எரியும். எரிந்தால் துருவம் சரி. நேர்த் தளத்துக்கும் பலகையின் வெற்றுச் செம்புக்கும் தொடர்பு இருக்கக் கூடாது, எதிர்த் தளத்துக்கும் இருக்கக் கூடாது, இரண்டையும் பாருங்கள்.

அடுத்து டிரைவர். பலகையின் வெளிவளையம் எதிர்முனை, அது குப்பியின் உள்விளிம்போடு நன்றாக ஒட்ட வேண்டும். டார்ச் கண் சிமிட்டுகிறது, தட்டினால் எரிகிறது என்கிற புகார்களில் பெரும்பாலானவை இந்த ஒரு இடத்தில்தான் பிறக்கின்றன. பித்தளை சூட்டை உறிஞ்சும், 25 வாட் அயர்ன் அங்கே ஒட்டவே ஒட்டாது. 60 வாட்டுக்குக் குறையாத அயர்ன், தட்டையான அகல முனை, குப்பி விளிம்பை உப்புத்தாளால் பளபளப்பாகத் தேய்த்து ஃப்ளக்ஸ் தடவி, குப்பியையே கொஞ்சம் முன்கூட்டிச் சூடேற்றிக்கொண்டு, சுற்றிலும் மூன்று இடத்தில் பற்ற வையுங்கள். ஈயம் உருண்டையாக நின்றால் ஒட்டவில்லை, பரந்து வழிந்திருந்தால்தான் ஒட்டியது. எல்இடிக்குப் போகும் இரண்டு ஒயரையும், 22 கேஜ் சிலிகான் ஒயர், டிரைவரை உள்ளே வைப்பதற்கு முன்பே அதில் பற்றவைத்துக் குப்பித் தளத்தின் துளைகள் வழியாக மேலே இழுத்துவிட மறக்காதீர்கள்.

குப்பித் தளத்தின் மேல் தெர்மல் பேஸ்ட், ஒரு மிளகு அளவு. எல்இடி பலகையை வைத்து அமுக்கி வலமும் இடமுமாக லேசாகத் திருகினால் பேஸ்ட் மெல்லிய படலமாகப் பரவும். ஒயரை எவ்வளவு குட்டையாக முடியுமோ அவ்வளவு குட்டையாக வெட்டி, பலகையின் விளிம்போரத்தில், உயரமில்லாமல் பற்ற வையுங்கள். இதில் உயரம் ஏன் முக்கியம் என்றால், அடுத்து மேலே திருகி இறங்குகிற ரிஃப்ளெக்டர் அலுமினியம், அது நேர்முனை ஈயத்தைத் தொட்டால் ஷார்ட். பற்றவைத்த இடங்களுக்கு மேல் கேப்டான் டேப் ஒரு துண்டு, எல்இடியைச் சுற்றி வெள்ளைப் பிளாஸ்டிக் நடுவளையம், பிறகு ரிஃப்ளெக்டர்.

ரிஃப்ளெக்டரைத் திருகி இறக்கும்போதே சுவரில் அடித்துப் பாருங்கள். நடுவில் கறுப்பாக ஓட்டை மாதிரி தெரிந்தால் எல்இடி தவறான உயரத்தில் இருக்கிறது. நடுவளையத்தின் தடிமனை உப்புத்தாளில் தேய்த்துக் குறைத்தோ தடிமனான வளையம் மாற்றியோ சரிசெய்யலாம். மேற்பரப்பு சொரசொரப்பாக இருக்கும் ரிஃப்ளெக்டர் இந்தச் சின்னக் குறைகளை மறைத்துவிடும், பழைய பி60-உம் அப்படித்தான் வந்தது. கடைசியாக இரண்டு ஸ்பிரிங்: நடுவில் சின்னது பேட்டரியின் நேர்முனைக்கு, வெளியே பெரியது உடம்புக்கு. சின்ன ஸ்பிரிங்கின் அடியிலிருந்து நுனி வரை ஒரு துண்டு ஒயரைச் சேர்த்துப் பற்றவைத்தால் ஸ்பிரிங்கில் வீணாகும் வோல்ட் மிச்சமாகும். 1.4 ஆம்பியரில் அது கட்டாயமில்லை, 2 ஆம்பியருக்குப் போனால் செய்யுங்கள்.

உடம்புக்குள் ஃபாயில்

ஆரம்பத்தில் சொன்ன அந்த இடைவெளி இங்கேதான் வருகிறது. கட்டிய துண்டை உடம்பின் முன்வாயில் போட்டு ஆட்டிப் பாருங்கள், பக்கவாட்டில் கடகடவென்று ஆடும். அந்த ஆட்டம் முழுக்கக் காற்று, காற்று சூட்டைக் கடத்தாது.

சமையலறை அலுமினிய ஃபாயிலே போதும், செம்பு டேப் கிடைத்தால் இன்னும் நல்லது. ஃபாயிலை நீளவாக்கில் இரண்டு மூன்று மடிப்பாக மடித்து, குப்பியின் பித்தளைப் பகுதி உயரத்துக்கு ஒரு பட்டையாக வெட்டுங்கள். மடிப்பில் காற்று இல்லாமல் மேசையில் வைத்து ஸ்பூன் முதுகால் நீவுங்கள். குப்பியைச் சுற்றி இறுக்கமாகச் சுற்றி, உடம்புக்குள் தள்ளிப் பாருங்கள். சுலபமாகப் போனால் இன்னொரு சுற்று. கட்டைவிரலால் பலமாக அமுக்கி, திருகிக்கொண்டே தள்ளினால்தான் இறங்க வேண்டும், அதுதான் சரியான இறுக்கம். எந்தப் பக்கம் திருகுகிறீர்களோ அந்தப் பக்கமாகவே ஃபாயில் இறுகும்படி சுற்றுங்கள், எதிர்ப்பக்கம் சுற்றினால் திருகும்போது நுனி பிரிந்து கசங்கி மாட்டிக்கொள்ளும். ஃபாயில் உடம்போடும் வெளி ஸ்பிரிங்கோடும் படுவதால் பாதகமில்லை, எல்லாமே எதிர்முனை. அது கீழே வழிந்து நடு ஸ்பிரிங்கைத் தொடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உள்ளே தள்ளிய பிறகு முன்தலையைத் திருகும்போது உடம்புக்கும் தலைக்கும் நடுவில் ஒரு நூலிடை தெரிந்தால் பதற வேண்டாம், ரிஃப்ளெக்டர் விளிம்பை அமுக்கிப் பிடிக்கிறது என்றுதான் அர்த்தம். ஓ-ரிங் வெளியே தெரிகிற அளவுக்கு இடைவெளி இருந்தால்தான் பிரச்சினை, துண்டு முழுக்க இறங்கவில்லை.

வால்

6பி-யோடு வரும் இசட்41 வாலில் அமுக்கினால் எரியும், திருகினால் நின்று எரியும், எதிர்ப்பக்கம் நன்றாகத் தளர்த்தினால் அமுக்கினாலும் எரியாது. பையில் போட்டுக்கொண்டு போகும்போது அந்தத் தளர்த்தல் லித்தியம் பேட்டரிக்கு மிக நல்ல பாதுகாப்பு. நான் இதை மாற்றச் சொல்ல மாட்டேன். க்ளிக் சுவிட்ச்தான் வேண்டும் என்றால் இசட்59 அதே மரையில் பொருந்தும்.

சேர்த்து மூடும் முன் மின்னோட்டத்தை அளந்துவிடுங்கள். வாலைக் கழற்றி, மல்டிமீட்டரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, ஒரு முனையைப் பேட்டரியின் பின்பக்கத்திலும் இன்னொன்றை அந்தப் பளபளப்பான பின்விளிம்பிலும் வையுங்கள். நான்கு சில்லுக்கு 1.4-ஐ ஒட்டி வர வேண்டும். 0.9, 1.0 என்று குறைவாக வந்தால் உடனே டிரைவரைக் குறை சொல்லாதீர்கள். மல்டிமீட்டரோடு வரும் மெல்லிய ஒயரே அவ்வளவு வோல்ட்டைத் தின்றுவிடும், தடித்த குட்டை ஒயர் இரண்டு செய்து மறுபடி அளந்து பாருங்கள். அப்போதும் குறைந்தால் குப்பி விளிம்பின் பற்றவைப்பைச் சந்தேகப்படுங்கள். கூடுதலாக வந்தால் எங்கோ ஷார்ட், உடனே பேட்டரியை வெளியே எடுங்கள்.

சூடு சோதனை

முழு பேட்டரி போட்டு, டார்ச்சைக் கையில் பிடித்துக்கொண்டே எரிய விடுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் தலைக்குக் கீழே உள்ள கழுத்துப் பகுதி வெதுவெதுப்பாக வேண்டும், அப்புறம் சூடு மெல்லப் பிடிக்கு இறங்கி வரும். இப்படி ஆனால் நீங்கள் செய்த வேலை சரி, சூடு எல்இடியை விட்டு வெளியே வந்துகொண்டிருக்கிறது. ஐந்து நிமிடமாகியும் உடம்பு சில்லென்று இருந்தால் சந்தோஷப்படாதீர்கள். சூடு உள்ளேயே அடைபட்டு எல்இடி வெந்துகொண்டிருக்கிறது, ஃபாயில் இறுக்கம் போதவில்லை. உடனே அணைத்து, ஆறவிட்டு, கழற்றி இன்னொரு சுற்று சேருங்கள்.

அதே மாதிரி வெளிச்சத்தின் நிறத்தையும் வெள்ளைச் சுவரில் கவனியுங்கள். போட்ட நிமிடத்தில் இருந்த நிறத்திலிருந்து எரிய எரிய நீலத்துக்கோ பச்சைக்கோ போனால் அதுவும் சூட்டின் அடையாளம்தான். கையில் பிடிக்காமல் மேசையில் நிறுத்தி வைத்து எரிக்கும்போது சூடு சீக்கிரம் ஏறும், ஏனென்றால் கையில் இருக்கும்போது நம் ரத்த ஓட்டமே அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு போகிறது. சித்திரை வெயிலில், அறையே 38 டிகிரி இருக்கும்போது, மேசையில் நிறுத்தி ஒரு தடவை சோதித்துவிட்டால் அதற்கு மேல் மோசமான நிலைமை இந்த டார்ச்சுக்கு வராது. கழுத்தைத் தொட்டுக்கொண்டே இருக்க முடியாத அளவுக்குச் சூடானால் மின்னோட்டத்தைக் குறைக்க வேண்டும். டிரைவர் பலகையில் ஒரு 7135 சில்லின் வெளியீட்டுக் காலை (OUT) தூக்கிவிட்டால் 350 மில்லிஆம்பியர் குறைந்துவிடும்.

மிச்ச வேலைகள்

ஓ-ரிங்கை மாற்றுங்கள், பழையது வெளியே நன்றாகத் தெரிந்தாலும் அழுத்தினால் கடினமாக இருக்கும். உள்விட்டத்தையும் தடிமனையும் வெர்னியரில் அளந்து நைட்ரைல் ரப்பரில் அதே அளவு வாங்கி, சிலிகான் கிரீஸ் மெல்லியதாகத் தடவிப் போடுங்கள். மரைக்கும் அதே கிரீஸ், ஆனால் அந்தப் பின்விளிம்பு வளையத்தில் மட்டும் படக் கூடாது.

6பி-யின் முன்கண்ணாடி பல தலைகளில் உள்ளேயே அழுத்திப் பொருத்தியிருக்கும், கீறல் இல்லாவிட்டால் அதை நோண்டாமல் உள்ளும் புறமும் துடைத்துவிட்டு விடுங்கள். கழற்ற முயன்றால் தலையின் விளிம்புதான் சேதமாகும்.

அதிர்ச்சி படும் இடத்தில், துப்பாக்கியிலோ மோட்டார் சைக்கிளிலோ பொருத்தப் போகிறவர்கள் டிரைவரின் பின்பக்கக் குழிவை மின்சாரம் கடத்தாத தெர்மல் எபாக்சியால் நிரப்பிவிடுங்கள், நடு ஸ்பிரிங்கை மட்டும் விட்டுவிட்டு. பிறகு பழுது பார்க்க முடியாது, அதனால் சூடு சோதனை எல்லாம் முடிந்து ஒரு வாரம் பயன்படுத்திய பிறகு செய்யுங்கள்.

பழைய பி60 துண்டைத் தூக்கி எறியாதீர்கள். கழற்றிய நிலையில் அப்படியே பஞ்சு சுற்றி ஒரு டப்பாவில் வைத்துவிடுங்கள். உடம்பைக் கடையாமல் விட்டிருந்தால் எப்போது வேண்டுமானாலும் இரண்டு சிஆர்123ஏ போட்டு அந்தப் பழைய மஞ்சள் வெளிச்சத்தைத் திரும்பக் கொண்டுவரலாம். ஃபாயிலை மட்டும் அப்போது எடுத்துவிடுங்கள், பழைய பல்புக்கு அது தேவையில்லை.